எடை குறைய தண்ணீர்: எதற்குப் பதிலாக, எப்போது, எவ்வளவு

எடை குறைக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருக்கும். நாளுக்கு மூன்று லிட்டர், நான்கு லிட்டர் என்று கணக்கு வைத்துக் குடிக்கிறார்கள். "ஆனாலும் எடை இறங்கவில்லையே" என்கிறார்கள். உணவு ஆலோசகரான நான் அவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை தண்ணீரைத் தவிர வேறு என்னவெல்லாம் குடித்தீர்கள்?

தண்ணீரில் கலோரி கிடையாது. அது கொழுப்பைக் கரைப்பதும் இல்லை, அடித்துக்கொண்டு போவதும் இல்லை. ஆனாலும் எடை குறைப்பில் அதற்கு உருப்படியான வேலை இரண்டு உண்டு. இனிப்பு பானம் இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தால், உள்ளே போகும் கலோரி அப்படியே குறைகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் வந்தால், பலருக்குச் சாப்பிடும் அளவு குறைகிறது. இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் போதும். வயிறு முட்ட நாலு லிட்டர் குடிக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: குடிப்பதை எல்லாம் எழுதுங்கள்

ஒரு வாரம், வார இறுதி உட்பட, வாய்க்குள் போகும் ஒவ்வொரு பானத்தையும் எழுதி வையுங்கள். நேரம், அளவு, எத்தனை கரண்டி சர்க்கரை, எல்லாம். உங்கள் டம்ளரில் எத்தனை மில்லி பிடிக்கும் என்று ஒரே ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள். ஒருவர் வீட்டு டம்ளர் 150 மில்லி, இன்னொருவர் வீட்டில் 350. "எட்டு டம்ளர்" என்று சொல்வதில் அதனால்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் இருக்கும், அதாவது 16 கலோரி. இரண்டு கரண்டி போட்டு நாளைக்கு நான்கு முறை டீயோ காபியோ குடித்தால், பால் கணக்கு இல்லாமலே 128 கலோரி. 330 மில்லி கோலா கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. பழச்சாறு நல்லது என்று நினைத்துக் குடிக்கிறவர்கள் அதிகம். 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பழத்தில் இருந்த நார்ச்சத்தில் பெரும்பகுதி இல்லை. சர்க்கரையாகச் சேர்ப்பதும், தேனிலும் பழச்சாற்றிலும் இருப்பதும் சேர்ந்து, நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஐந்து சதவீதத்துக்குக் கீழே, அதாவது சுமார் 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. ஒரு கேன் அந்த 25ஐத் தாண்டிவிடுகிறது.

தினம் ஒரு கேனை நிறுத்தினால் மாதத்துக்கு 4,200 கலோரி மிச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்று வைத்தால், தாளில் அரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. எடை குறையக் குறைய உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்வதால் நிஜத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். என்றாலும் இது பசி இல்லாமல் கிடைக்கிற குறைவு. எனக்கு அது பெரிய விஷயம்.

பானத்தில் வரும் கலோரியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், 15 பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரியை ஜெல்லி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைச் சர்க்கரை பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். பானம் குடித்த வாரங்களில் சாப்பாடு குறையவில்லை, எடை கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் நான் நாள்தோறும் பார்ப்பதும் இதையேதான்: குடித்தது வயிற்றுக் கணக்கில் வருவதில்லை.

இரண்டாவது வேலை: எதை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைப்பது

எழுதிய தாளைப் பாருங்கள். ஒவ்வொரு இனிப்பு பானத்துக்குப் பக்கத்திலும் "இது எனக்கு என்ன தருகிறது?" என்று கேட்டு ஒரு வார்த்தை எழுதுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பத்து நாளில் பழைய பானத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

தாகம் என்று எழுதியிருந்தால் வேலை சுலபம். தண்ணீர் எட்டும் தூரத்தில் இருந்தாலே போதும். விழிப்பு என்றால் வெறும் தண்ணீர் அந்த இடத்தை நிரப்பாது. இரவுப் பணி பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வேலை முடியும் வரை இனிப்பு பானம் ஒன்று மாற்றி ஒன்று குடிப்பார். அவருக்குத் தேவைப்பட்டது கஃபீன். சர்க்கரை கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. பணியின் முதல் பாதியில் சர்க்கரை போடாத காபி, பிறகு தண்ணீர் மட்டும் என்று மாற்றினோம். அது நிலைத்தது. சுர்ரென்ற நுரைதான் பிடிக்கும் என்றால் சர்க்கரை சேர்க்காத சோடா தாராளமாகக் குடிக்கலாம். எடைக் கணக்கில் அதுவும் தண்ணீரும் ஒன்றே. இருக்கையை விட்டு எழுந்து போக ஒரு சாக்கு வேண்டும் என்பது சிலருடைய பதிலாக இருக்கும். அவர்கள் சின்ன டம்ளராக வைத்துக்கொண்டு, அது காலியாகும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் நிரப்பி வரட்டும்.

இனிப்பேதான் வேண்டும் என்பவர்களை நான் ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதில்லை. டீ, காபியில் வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகிவிடும். குளிர்பானம் என்றால் முதலில் நாளின் ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள், அதிகம் யோசிக்காமல் குடிக்கிற வேளையை. மதுவையும் தாளில் எழுத மறக்காதீர்கள். ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி.

சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர்

இங்கேதான் நேரம் முக்கியம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடல் பருமன் உள்ள 84 பேரை வைத்து நடத்திய ஆய்வை 2015ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் முக்கிய வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் 500 மில்லி தண்ணீர் குடித்தார்கள். மற்றவர்கள் வயிறு நிறைந்திருப்பதாக மனதில் நினைத்துக்கொண்டார்கள். 12 வார முடிவில் தண்ணீர் குடித்தவர்கள் சராசரியாக 1.3 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். அதற்கு முன் 2010ல் வந்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வில், குறைந்த கலோரி உணவோடு மூன்று வேளையும் முன்கூட்டியே தண்ணீர் குடித்த 55 முதல் 75 வயதுக்காரர்கள், அதே உணவு முறையில் இருந்த மற்றவர்களைவிட 12 வாரத்தில் சுமார் 2 கிலோ அதிகம் குறைந்தார்கள்.

ஒன்றேகால், இரண்டு கிலோ. மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் செலவில்லாமல், பசியோடு போராடாமல் கிடைப்பதால் நான் இதை மனதாரச் சொல்கிறேன்.

இது வேலை செய்வதற்குக் காரணம், வயிற்றின் சுவர் விரியும்போது "நிறைகிறது" என்ற செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போவதுதான். தண்ணீர் வயிற்றில் வெகுநேரம் தங்காது. வயதானவர்களுக்கு வயிறு காலியாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுப்பதால் அரை மணி இடைவெளி அவர்களுக்குப் பொருந்துகிறது. இளவயதினருக்குச் சீக்கிரம் காலியாகிவிடும். அவர்களிடம் நான் சொல்வது: உட்காருவதற்குச் சற்று முன் ஒரு டம்ளர் குடியுங்கள், சாப்பாட்டின் நடுவிலும் அவ்வப்போது இரண்டு மடக்கு. நடுவில் குடித்தால் செரிமானம் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். தேவைக்கு ஏற்ப வயிறு அமிலத்தைச் சுரந்துகொண்டேதான் இருக்கும்.

அரை லிட்டரை மடமடவென்று ஊற்றிக்கொள்ள வேண்டாம். பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் 250 மில்லியில் ஆரம்பியுங்கள். அப்புறம் தட்டில் எப்போதும் போடுவதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். தண்ணீரையும் குடித்துவிட்டு, பழக்கத்தில் தட்டு நிறையப் போட்டு, அதையும் காலி செய்தால் பலன் இருக்காது.

உணவுக்குள்ளேயே இருக்கும் தண்ணீர் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸின் குழுவினர் 1999ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவை ஒரு நாள் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடும், இன்னொரு நாள் அதே தண்ணீரைச் சேர்த்து சூப்பாகவும் பெண்களுக்குக் கொடுத்தார்கள். சூப்பாகக் குடித்த நாளில் அடுத்து வந்த மதிய உணவில் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆகவே காய்கறி நிறையப் போட்ட தெளிவான சூப், நீர்ச்சத்துள்ள காய், முழுப் பழம் ஆகியவற்றையும் உங்கள் தண்ணீர்த் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில்லென்ற தண்ணீர் கொழுப்பை எரிக்குமா?

உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்பது ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவையான ஆற்றல். ஏழு டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை உடல் 37 டிகிரிக்குக் கொண்டுவர 15 கலோரி போதும். நாள் முழுக்க ஒன்றரை லிட்டர் குளிர்ந்த நீர் குடித்தாலும் 45 கலோரி, மூன்று கரண்டி சர்க்கரைகூட இல்லை. வெந்நீருக்கும் கொழுப்பைக் கரைக்கும் சக்தி கிடையாது. ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014ல் கணக்கிட்டுக் காட்டியபடி, 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. எந்தச் சூட்டில் குடிக்கப் பிடிக்குமோ அந்தச் சூட்டில் குடியுங்கள்.

எவ்வளவு, யார் கவனமாக இருக்க வேண்டும்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ல் சொன்ன அளவு பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். இதில் உணவில் இருக்கும் நீரும் அடக்கம். அது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும். டீ, காபியும் இந்தக் கணக்கில் சேரும். வெயிலில் வேலை, உடற்பயிற்சி, தாய்ப்பால் கொடுக்கும் காலம் என்றால் கூட வேண்டும். அன்றாடத்துக்குச் சிறுநீரின் நிறமே நல்ல அடையாளம்: வெளிர் மஞ்சள் சரி, அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்த அடையாளம் பொருந்தாது, அது நிறத்தைப் பளிச்சென்று ஆக்கிவிடும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். இரவில் நாலு தடவை எழுந்தால் தூக்கம் போகும். தூக்கம் குறைந்த மறுநாள் பசி அதிகமாக எடுக்கும்.

இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களும், சிறுநீர் பெருக்கி மாத்திரையோ, மனநலச் சிகிச்சையில் தரப்படும் லித்தியமோ எடுப்பவர்களும் மருத்துவர் சொன்ன அளவை மீறவே கூடாது. ஆரோக்கியமானவர்களின் சிறுநீரகம்கூட மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. யாராவது உங்களைத் தண்ணீர் குடிக்கும் போட்டிக்கு அழைத்தால் தயவுசெய்து போகாதீர்கள்.

கடைசியாக எடை பார்ப்பது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, குடித்த உடனே ஏறி நின்றால் அது காட்டத்தான் செய்யும். காலையில் கழிப்பறை போய்விட்டு, எதுவும் குடிக்கும் முன் பாருங்கள். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் வேகமாக இறங்குவதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. உடலில் சேமித்திருந்த கிளைகோஜனும் (சர்க்கரையை உடல் சேமித்து வைக்கும் வடிவம்), அதன் ஒவ்வொரு கிராமோடும் ஒட்டியிருந்த மூன்று கிராம் அளவு நீரும்தான். ஒரு நாள் உப்பு கூடினால் மறுநாள் எடை ஏறித் தெரியும். அதனால் தினசரி எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். நான்கு வாரமாக அந்தச் சராசரி அசையவில்லையா? தண்ணீரைக் கூட்ட வேண்டாம். பானங்களை மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள், குறிப்பாக சனி, ஞாயிறு. அதில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் சாப்பாட்டையும் சேர்த்து எழுதுங்கள்.