உள்ளுறுப்புக் கறியில் புரதம்: ஈரலில் தொடங்காதீர்கள், இரைப்பையில் தொடங்குங்கள்

கையில் காசு இறுக்கமாக இருந்த நேரத்தில்தான் உடற்பயிற்சியும் ஆரம்பித்தேன். நாளுக்கு 90 கிராம் புரதமாவது வேண்டும் என்று கணக்குப் போட்டால், கோழி நெஞ்சுக்கறி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்திலேயே ஈரல், இதயம், இரைப்பை எல்லாம் குறைந்த விலைக்குக் கிடந்தன. வாங்குவோர் குறைவு, சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால்தான் அந்த விலை. சத்தில் குறை ஒன்றும் இல்லை.

எல்லோரையும் போல நானும் முதலில் ஈரலைத்தான் வாங்கினேன். தினமும் சாப்பிட்டேன். அது தவறு என்று மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

பச்சையாக 100 கிராம் எடுத்துக்கொண்டால் கோழி ஈரலில் சுமார் 17 கிராம் புரதம் இருக்கிறது. இரைப்பையிலும் ஏறக்குறைய அதே அளவு, இதயத்தில் 16 கிராம் வரும். புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதே 100 கிராம் ஈரலில் வைட்டமின் ஏ ஏறத்தாழ 3,300 மைக்ரோகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 700 முதல் 900 வரைதான். விலங்கு உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் வரும் வைட்டமின் ஏ நாளுக்கு 3,000ஐத் தாண்டக் கூடாது என்பது உச்ச வரம்பு. கூடுதலாகப் போனால் உடம்பு வெளியே தள்ளிவிடாது, நம் ஈரலிலேயே சேர்த்து வைக்கும். இரைப்பையிலும் இதயத்திலும் இந்தத் தொல்லை இல்லை, அவற்றில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. அதனால் என் ஏற்பாடு இதுதான்: புரதத்துக்கு இரைப்பையும் இதயமும், இரும்புச்சத்துக்கும் வைட்டமின் பி12க்கும் வாரம் ஒரு முறை 100 கிராம் அளவில் ஈரல்.

படி 1: வாங்குவது

ஈரல் பளபளப்பாக, ஈரமாக, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஓரம் காய்ந்திருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள், முடியாது என்றால் வீட்டுக்கு வந்ததும் உறையவைத்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் கறி இது இல்லை.

படி 2: சுத்தம் செய்வது

குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவ வேண்டாம். தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் அடுப்பங்கரை முழுக்கப் பரவும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசி எடுங்கள். இந்த வேலைக்குக் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் எனக்குப் பிடிக்கும், வழுக்காது.

ஈரலில் எங்காவது பச்சைக் கறை தெரிந்தால் அது பித்தப்பை உடைந்து படிந்தது. கழுவினால் போகாது, அந்த இடத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறியுங்கள். துளி தங்கினாலும் சட்டி முழுக்கக் கசக்கும். இதயத்தை இரண்டாகப் பிளந்து உள்ளே உறைந்திருக்கும் இரத்தத்தை எடுத்துவிடுங்கள். இரைப்பைக்குள் மஞ்சள் தோல் ஒட்டியிருந்தால் ஓரத்தில் நகத்தால் கிளப்பி இழுங்கள், ஒரே உரியாக வந்துவிடும்.

படி 3: இரைப்பையை வேகவைப்பது

நான் அதிகம் தடுமாறிய இடம் இது.

முதல் தடவை பத்து நிமிடம் வேகவைத்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். ரப்பர் மாதிரி இருந்தது. அதிகமாக வெந்துவிட்டது என்று நினைத்து, அடுத்த தடவை ஏழு நிமிடத்தில் இறக்கினேன். அதுவும் ரப்பர்தான். உண்மையில் நடப்பது நேர்மாறு. கோழிக்குப் பல் கிடையாது, தின்ற தானியத்தையெல்லாம் அரைப்பது இந்த இரைப்பைதான். ஆயுள் முழுக்க உழைத்த தசை என்பதால் அதில் இணைப்புத் திசு அதிகம். சூடு பட்டதும் முதலில் அது இறுகும். அந்தக் கட்டத்தைத் தாண்டி நெடுநேரம் வெந்தால்தான் அந்தத் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து, தசை நெகிழ்ந்து கொடுக்கும். கடினமாக இருந்தால் இன்னும் வேகவேண்டும் என்றுதான் அர்த்தம்.

குக்கரில் இரைப்பையைப் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், உப்பு, இரண்டு பல் பூண்டு சேர்த்து, அழுத்தம் ஏறியபின் சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். திறந்த பாத்திரம் என்றால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். இதற்குக் குக்கர்தான் சரி, மற்றதெல்லாம் எரிவாயுவுக்குக் கேடு. வெந்ததா என்று பார்க்க முள்கரண்டியால் குத்துங்கள். உருளைக்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கினால் போதும். முள்ளைத் தூக்கும்போது துண்டும் கூடவே எழுந்து வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள்.

ஒரே தடவையில் ஒரு கிலோ வேகவைத்து, பங்கு பிரித்து உறையவைத்துவிடுவேன். அதிலேயே 170 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

படி 4: இதயம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. பிளந்த துண்டுகளில் உப்பும் மிளகும் புரட்டி, நன்றாகக் காய்ந்த சட்டியில் ஐந்தாறு நிமிடம். சாதாரணக் கறியின் ருசிதான் இருக்கும். உள்ளுறுப்பு என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு முதலில் இதைக் கொடுங்கள்.

படி 5: ஈரல்

இரைப்பைக்குச் சொன்னதையெல்லாம் இங்கே மறந்துவிடுங்கள். ஈரலில் கரைய வேண்டிய திசு அதிகம் இல்லை. நேரம் கூடக் கூட மாவு மாவாக, வறட்டுத்தனமாகப் போகும்.

துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரம் இருந்தால் வறுபடாது, அவியும். கனமான வார்ப்பிரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும்.

வேகமாகச் சமைக்க வேண்டும் என்றால் அரைவேக்காட்டில் இறக்கலாம் என்று அர்த்தம் இல்லை. கோழி ஈரலில் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி மேற்பரப்பில் மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கலாம். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், தொட்டதும் இறக்கிவிட வேண்டும். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முனை கூரான ஒரு சமையல் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சமையலுக்கு நான் வாங்கியதில் அதிகம் பயன்பட்டது அதுதான்.

ஈரலின் மதிப்புக்கு ஒரு பழைய சான்று உண்டு. ஒரு காலத்தில் உயிர்க்கொல்லியாக இருந்த ஒருவகை இரத்தசோகைக்கு, நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்தே குணம் கண்டார்கள் மைனாட், மர்ஃபி என்ற மருத்துவர்கள். அது 1926இல். 1934இல் விப்பிள் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் வேலை செய்த பொருள் பி12 என்று தெரிய 1948 ஆனது.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதிக வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும். யூரிக் அமிலம் கூடியவர்கள், கீல்வாதத்தில் கௌட் வகை உள்ளவர்கள் உள்ளுறுப்புகளையே ஒதுக்குவது நல்லது, உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அவற்றில் அதிகம். உடம்பில் இரும்பு தேங்கும் நோய், செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்கும் ஈரல் ஆகாது. வைட்டமின் ஏ மாத்திரையோ மீன் ஈரல் எண்ணெயோ எடுப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்த ஒருவர், குக்கரில் பஞ்சுபோல் வெந்த இரைப்பை வறுத்ததும் திரும்ப இறுகிவிட்டது என்று எழுதியிருந்தார். கேட்டதில், பதினைந்து நிமிடம் வறுத்திருக்கிறார். வெந்த துண்டில் மிச்சமிருக்கும் ஈரமும் வற்றிவிட்டால் அப்படித்தான் ஆகும். நல்ல சூட்டில் மூன்று நிமிடம், மேலே நிறம் பிடித்தால் போதும்.

ஈரல் எண்ணெயில் வெடித்துக் கையைச் சுட்டுவிட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மேலே உள்ள மெல்லிய சவ்வுக்குள் நீராவி அடைபட்டு வெடிக்கிறது. சட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள், மேலே கம்பிவலை மூடி வையுங்கள்.

சிறுநீரகம் பற்றியும் கேட்டிருந்தார்கள். நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அந்த வெள்ளைப் பகுதிதான்.