மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து பிலிம் கழுவக் கொடுக்க லாப் தெரிவு செய்வது எப்படி

ஒரு றோலை ஒரு தரம்தான் கழுவலாம். ஸ்கான் சரியில்லை என்றால் அதே நெகட்டிவை வேறு மெஷினில், வேறு ஆளைக் கொண்டு, பத்து வருடம் கழித்தும் திரும்ப எடுக்கலாம். படத்தை வெளிக்கொணரும் இரசாயனமான டெவலப்பரில் பிழைத்தது பிழைத்ததுதான். ஆனாலும் பலர் லாப் ஒன்றைத் தெரிவு செய்வது அது வெளியிடும் ஸ்கான்களின் நிறத்தைப் பார்த்துத்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி கழுவுவதைப் பற்றியது. நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

லாப்புக்குப் பேசும் முன் உங்கள் றோலின் கூட்டை வாசியுங்கள். கொடக் கோல்ட் 200, கலர்பிளஸ் 200, போர்ட்ரா எல்லாம் சி-41, அதாவது கலர் நெகட்டிவ் கழுவும் வழமையான முறை. இல்போர்ட் எக்ஸ்பி2 கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் அதையும் கலர் றோல்களோடு சி-41 இலேயே கழுவலாம். எச்பி5, ட்றை-எக்ஸ் போன்றவை உண்மையான வெள்ளி பிலிம்கள். அவற்றுக்குக் கறுப்பு வெள்ளை டெவலப்பர் வேண்டும், தவறிப்போய் சி-41 மெஷினுக்குள் போனால் டெவலப்பருக்குப் பின் வரும் பிளீச், பிக்சர் என்ற இரசாயனங்கள் வெள்ளி முழுவதையும் கரைத்துப் படமே இல்லாமல் ஆக்கிவிடும். ஸ்லைட் பிலிமின் முறை ஈ-6. சில்லறையாகச் சுற்றி ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் 250டி, 500டி றோல்கள் சினிமா பிலிம். அவற்றின் முறை ஈசிஎன்-2. முதுகுப் பக்கம் கரிப்படலம் ஒன்று இருக்கலாம். அந்தக் கரி சாதாரண மெஷினுக்குள் கழன்றால் இரசாயனமும் உருளைகளும் கெட்டு, பின்னால் வரும் மற்றவர்களின் றோல்களும் பழுதாகும். சந்தேகமிருந்தால் மறைக்காமல் முதலே சொல்லிவிடுங்கள்.

நம் பக்கம் இப்போதும் ‘கலர் லாப்’ என்று பலகை தொங்கும் ஸ்ரூடியோக்கள் பல, டிஜிட்டல் படங்களைப் பிறின்ட் போட மட்டும் மெஷின் வைத்திருப்பவை. மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ ஒரு கடையில் ‘ஓம், கழுவலாம்’ என்றால், அங்கேயே கழுவுகிறார்களா, கொழும்புக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அனுப்புவது குற்றமில்லை, ஆனால் யாரிடம் போகிறது, அறிவுறுத்தல் எழுதினால் அங்கே போய்ச் சேருமா என்பது தெரிய வேண்டும். சேராதென்றால் இடையில் ஆள் வைக்காமல் நேரே அனுப்புவதே நல்லது.

சி-41 டெவலப்பரின் கணக்கு 37.8 பாகை செல்சியஸில் 3 நிமிடம் 15 செக்கன். வெப்பநிலை கால் பாகைகூட விலகக் கூடாது. இதைவிட முக்கியமான விடயம், இரசாயனம் எவ்வளவு சுழல்கிறது என்பது. பெரிய உருளை மெஷின், தினமும் றோல்கள் ஓடி, புது இரசாயனம் சிறுகச் சிறுக ஊறிக்கொண்டிருந்தால்தான் சரியாக வேலை செய்யும். கிழமைக்கு ஐந்தாறு றோல் மட்டும் ஓடும் மெஷினில் டெவலப்பர் காற்றுப் பட்டுக் களைத்துவிடும். நம் நாட்டு வெக்கையில் இன்னும் கெதியாக. அதனால் ‘மெஷின் இருக்கா?’ என்பதைவிட ‘எந்தெந்த நாளில பிலிம் ஓட்டுறீங்க?’ என்ற கேள்விதான் பயன் தரும். கிழமைக்கு ஒரு நாள் சேர்த்து வைத்து ஓட்டுகிறோம் என்பது நேர்மையான பதில். அடுத்து, கொன்ட்றோல் ஸ்ட்றிப் ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். தொழிற்சாலையில் அளந்து ஒளிபடச் செய்த பிலிம் துண்டு அது; கழுவி அளந்தால் இரசாயனம் எங்கே நிற்கிறது என்று இலக்கமாகத் தெரியும். கேள்வி விளங்காமல் விழித்தால், அங்கே கண்மட்டத்தில்தான் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிறிய லாப்புகள் இரசாயனக் கிட் வாங்கிக் கரைத்து, டாங்கிலோ சுழலும் புறொசசரிலோ கழுவுகின்றன. கவனமான கை என்றால் உருளை மெஷினைவிட இது நல்லது, கீறல் குறைவு. இங்கே இரண்டு விடயம் கேட்க வேண்டும். பிளீச்சும் பிக்சரும் தனித்தனியா, ஒன்றாகக் கலந்ததா? தனித்தனியானதே உறுதி, கலந்தது விரைவில் பலமிழந்து பிலிமில் வெள்ளியை மிச்சம் விடும். மற்றது, ஒரு லீற்றரில் எத்தனை றோல்? பெரும்பாலான கிட்களுக்கு 8 முதல் 16 வரை நியாயமான எண்ணிக்கை. அதற்கு மேல் இழுத்தால் கடைசியாக வரும் றோல்களின் நிழல் பகுதிதான் தண்டம் கட்டும்.

ஐஎஸ்ஓ 200 பிலிமைக் கமராவில் 400 ஆக வைத்து எடுத்திருந்தால் புஷ் செய்யச் சொல்ல வேண்டும். அதாவது டெவலப்பரில் வழமையைவிடக் கூடிய நேரம் வைப்பது. உருளை மெஷின்கள் பலவற்றில் வேகத்தை மாற்ற முடியாது, ஆகவே முதலே கேட்டுவிடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு என்ன டெவலப்பர், எத்தனை பாகை என்று கேளுங்கள். நம் குழாய்த் தண்ணீர் 28, 30 பாகையில் வரும். ‘சும்மா பைப் தண்ணியிலதான்’ என்றால் வேண்டாம். ஐஸ் வைத்தாவது 20 பாகைக்கு இறக்கும் ஆளிடம் கொடுங்கள்.

இனி ஸ்கான். புஜி பிரன்டியர் எஸ்பி-3000, நொறிட்சு எச்எஸ்-1800 இரண்டும் லாப்புகளில் பேர்போனவை. 35 மில்லிமீற்றரில் முதலாவது ஏறத்தாழ 5400×3600 பிக்சலும், இரண்டாவது ஏறத்தாழ 6700×4500 பிக்சலும் வரை கொடுக்கும். எப்சன் வி600, வி850 போன்ற தட்டை ஸ்கானர்களின் பெட்டியில் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று இருந்தாலும், மெய்யாகப் பிரித்தெடுப்பது அதில் பாதியும் வராது. அகலம் கூடிய 120 பிலிமுக்குப் போதும், 35க்குச் சுமார். அளவைப் பிறின்டிலிருந்து கணக்குப் போடுங்கள். 6×4 அங்குலத்துக்கு 1800×1200 போதும், 12×8க்கு 3600×2400, 18×12க்கு 5400×3600. ‘ஹை ரெசலூசன்’ என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள், பிக்சல் எண்ணிக்கையைக் கேளுங்கள். 16 பிட் டிஃப் கோப்பு என்றால் 3600×2400 படம் ஒன்றே 50 எம்பியைத் தாண்டும். 36 படம் ஏறத்தாழ 1.9 ஜிபி. திரும்பத் திருத்தும் எண்ணம் இல்லையென்றால் ஜேபெக் போதும்.

லாப் ஸ்கானர் ஒவ்வொரு படத்தையும் தானாகவே ‘சரி’ செய்யும். நமக்குச் சூரியன் கடலில் எழுந்து வாவிப் பக்கம் விழுகிறது. கல்லடிக் கடற்கரையில் விடியற்காலை எடுத்த செம்மஞ்சளை நிறப்பிழை என்று நினைத்து மெஷின் நீலம் கூட்டிச் சாம்பலாக்கிவிடும். அதேபோல, கறுத்த முகத்தை நடுத்தர வெளிச்சத்துக்கு ஏற்றி, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டியை வெளுத்த தாளாக்கும். றோலோடு ஒரு துண்டில் எழுதுங்கள்: ‘விடியல் படங்கள், சூட்டு நிறத்தை எடுக்க வேண்டாம். தோலை வெளுப்பாக்க வேண்டாம். கொன்ட்ராஸ்ட், கூர்மை குறைவாக.’ இதை வாசித்துச் செய்யும் லாப்தான் உங்கள் லாப். தூசியை அகச்சிவப்பு ஒளியால் நீக்கும் டிஜிட்டல் ஐஸ் கலர் பிலிமில் நன்றாக வேலை செய்யும். வெள்ளி இருக்கும் கறுப்பு வெள்ளையில் போட்டால் படமே சிதையும்.

கழுவுவதையும் ஸ்கானையும் இரண்டு இடத்தில் செய்வதில் தவறேதுமில்லை. கொழும்பில் கழுவி, இங்கேயே மக்றோ லென்சும் 24 மெகாபிக்சல் கமராவும் வைத்திருக்கும் படப்பிடிப்பாளரிடம் நெகட்டிவைப் படமெடுக்கச் சொன்னால் 6000×4000 கிடைக்கும். அதற்கு நெகட்டிவ் கையில் இருக்க வேண்டும். சில லாப்புகள் ஸ்கான் அனுப்பியதும், சில கிழமை வைத்திருந்து நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிடும். ஆறு ஆறாக வெட்டி, உறையில் போட்டு, நுனித் துண்டையும் வீசாமல் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது றோலை மூடியுள்ள டப்பாவில் போட்டு, டப்பாவிலேயே பெயர், தொலைபேசி, பிலிம் முறை, எடுத்த ஐஎஸ்ஓ நான்கையும் எழுதுங்கள். துண்டுக் கடதாசி தொலையும், டப்பா தொலைவது அரிது. அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் கொடுப்பதென்றால் எஞ்சின் பக்கம் வைக்க விடாதீர்கள். கூரியர் என்றால் திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள்; வெள்ளி அனுப்பியது சனி, ஞாயிறு, வந்தால் போயா என்று வெக்கைக் களஞ்சியத்தில் கிடக்கும். சென்னைக்குப் போகும் உறவினரிடம் கொடுப்பதானால் கைப்பையில் மட்டும். விமானத்தில் ஏற்றும் பெட்டிகளுக்கான எக்ஸ்றே, கழுவாத பிலிமில் புகைமூட்டம் போல மங்கல் விழ வைக்கும். கட்டுநாயக்காவில் கையால் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

கலியாண றோலை முதலாவதாக அனுப்பாதீர்கள். மலிவான 200 பிலிம் ஒன்றில் பரீட்சை எடுங்கள். முற்பகல் நல்ல வெயிலில் கோட்டைச் சுவரை எப் 16, 1/250 செக்கனில் ஒன்று. அதே படம் ஒரு ஸ்டொப் (ஒளி இரு மடங்கு) கூட, இரண்டு கூட, ஒன்று குறைய. பிறகு நிழலில் ஒரு முகம், ஒரு விடியல். நெகட்டிவ் வந்ததும் ஸ்கானைத் திறக்கும் முன் போனில் வெள்ளைத் திரை போட்டு அதன் மேல் பிடித்துப் பாருங்கள்.

நுனித் துண்டு நல்ல அடர்த்தியாக இருட்டாக இருக்க வேண்டும். ஓரத்து எழுத்தும் இலக்கமும் தொழிற்சாலையில் ஒளிபட்டவை, உங்கள் கமராவுக்கு அதில் பங்கில்லை. அவை தெளிவாக இருந்து படம் மட்டும் மெல்லியதென்றால் பிழை உங்கள் எக்ஸ்போசரில். புது பிலிமில் அவையும் மங்கலென்றால் டெவலப்பர் களைத்தது. எழுத்தே இல்லையென்றால் டெவலப்பரே படவில்லை. நீளத்துக்கு ஓடும் நேர்க்கோட்டுக் கீறல், வேறு வேறு கமராவில் எடுத்த இரண்டு றோலிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அது லாப் உருளை. ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கமராவின் பின்தட்டைத் துடைத்துப் பாருங்கள். நிறம் செத்து, மணல் போன்ற புள்ளி கூடி, நெகட்டிவ் அழுக்காகத் தெரிந்தால் பிளீச் போதவில்லை. பால் போல மங்கல் என்றால் பிக்சர் போதவில்லை. இந்த இரண்டுக்கு மட்டும் பரிகாரம் உண்டு. நெகட்டிவைத் திருப்பி அனுப்பி, புது பிளீச், பிக்சர், கழுவல், கடைசி ஸ்டெபிலைசர் வரை மீண்டும் ஓட்டச் சொல்லலாம். நல்ல லாப் அதற்குக் காசு கேட்காது.