வலிக்காத கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள்

போன வாரம் ஒரு பெண் தன் தந்தையை எங்கள் டிரெஸ்ஸிங் அறைக்குக் கூட்டி வந்தார். வலது கால் மட்டும் வீங்கியிருந்தது. பாதம் முழுக்க மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட பத்து காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஈரப் பஞ்சை வைத்து ஊறவிட்டுப் பத்தை எடுத்தேன். பெருவிரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கொப்புளம்.

"வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"மூன்று நாளாகக் காலையும் மாலையும் கொடுத்தேன் சிஸ்டர். சுடுகிறது என்று அப்பா ஒரு முறைகூடச் சொல்லவில்லை."

பதினெட்டு ஆண்டுகளாக இதே பதிலைக் கேட்டு வருகிறேன். அதற்கு முன்பு இதே பதிலை நானே சொல்லியும் இருக்கிறேன். உப்பைக் குறைக்க வேண்டும், காலைத் தொங்கவிட்டு உட்காரக் கூடாது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. தெரியாமல் செய்வதை மட்டும் எழுதுகிறேன்.

மரத்த காலுக்குச் சூடு

அப்போது நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அவருடைய இடது பாதம் வீங்கியிருந்தது. பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி, ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு, காலை வைக்கச் சொன்னேன். "சூடு போதுமா அப்பா?" என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சம் ஊற்றம்மா, இதமாகவே இல்லை" என்றார். ஊற்றினேன். நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அடிப்பாதத் தோல், வேகவைத்த தக்காளியின் தோல் போலக் கழன்று வந்தது. புண் ஆற ஐந்து மாதங்கள் ஆயின. அதற்குள் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் கேட்ட கேள்வியே தவறு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தால், உடம்பில் நீளமான நரம்புகள்தான் முதலில் பழுதாகும். அதனால் உணர்ச்சி பாதத்தில்தான் முதலில் போகும். சுடுகிறதா என்று அந்தக் காலைக் கேட்டு என்ன பயன்? 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும்தான் போகின்றன என்று விளக்கினார். சர்க்கரை நோயாளியின் மரத்த பாதத்துக்கும் அதே கதிதான். சர்க்கரை நோயாளிகள் பலர் இன்று போட்டுக்கொள்ளும் மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்க வந்ததுதான்.

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். சர்க்கரை நோயாளிக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது, ஆனால் வலி அவ்வளவாக இல்லை. வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "வலி இல்லையே, சுளுக்காகத்தான் இருக்கும். நடந்தால் சரியாகிவிடும்." அவரும் நடக்கிறார். தோலில் காயமே இல்லாவிட்டாலும், உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கு சார்கோ பாதம் என்று பெயர். நரம்பு கெட்டவர்களின் மூட்டுகள் இப்படிச் சிதைவதை பிரெஞ்சு மருத்துவர் சார்கோ 1868-இலேயே விவரித்திருக்கிறார். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பிய சிலர், நாலைந்து வாரம் கழித்துப் பாதத்தின் வளைவு இடிந்து, உள்ளங்கால் படகின் அடிப்புறம் போலப் புடைத்து வந்திருக்கிறார்கள். அந்தப் புடைப்பில் புண் வந்தால் ஆற்றுவது பெரும்பாடு.

இதற்கு முதல் மருந்து, அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் இருப்பது. மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் காக்க வேண்டியிருக்கும். ஒத்தடமும் நீவுதலும் நாலு நாளை வீணடிக்கும், அவ்வளவுதான். அந்த நாலு நாளில்தான் எலும்பு உடைகிறது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கால்களையும் கால் மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, உங்கள் புறங்கையை இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சுட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கருவி வைத்து அளக்கும் இடங்களில் 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் பத்து போட்ட காலில் சிவப்பும் தெரியாது, சூடும் தெரியாது. நான் பத்து வேண்டாம் என்பதற்கு முதல் காரணமே அதுதான்.

பக்கத்து வீட்டு மாத்திரை

இரண்டு கால்களும் வீங்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பெரியவருக்கு நீர் பிரிய எழுதிக் கொடுத்த மாத்திரை அவருக்கானது.

பார்லித் தண்ணீரும் அப்படித்தான். நீர் வடியும் என்று செம்பு செம்பாகக் கொடுக்கிறார்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதாகித் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவருக்கு அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

முக்காலியில் கால்

வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்தால் போதாது. படுத்து, பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி இரண்டு மூன்று தலையணை வையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறவருக்கு இது வேண்டாம். அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கிரேப் பேண்டேஜை நடுவில் தொடங்குவது

சுளுக்குக்குத்தான் இது. கணுக்காலில் மட்டும் இறுக்கிச் சுற்றினால், கீழே விரல்கள் பலூன் மாதிரி உப்பும். விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மறைக்கும்படி மேலே ஏறுங்கள். விரல் நுனிகளை வெளியே விடுங்கள். அவை வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு மருத்துவர் சொல்லாமல் எந்தக் கட்டும் போடக் கூடாது.

ஐஸைத் தோலில் நேராக வைப்பது

துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். மரத்த காலுக்கு அதுவும் வேண்டாம்.

கெண்டைக்காலை எண்ணெய் போட்டு நீவுவது

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது என்றால், அதுவும் அறுவை சிகிச்சைக்குப் பிறகோ நெடுநாள் படுக்கைக்குப் பிறகோ நீண்ட பயணத்துக்குப் பிறகோ என்றால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆட்டோ தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.