கடையில் வாங்கிய குலச்சின்னம்: நீங்களாவது இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்கு உதவுவது என் வழக்கம். போன முறை ஒரு இளம் தம்பதி வந்தார்கள். பபிள் ரேப் சுற்றிய ஒரு மரப்பலகையை எடுத்து மேஜையில் வைத்தார்கள். நடுவில் கேடயம், அதன் மேல் தலைக்கவசம், அதற்கும் மேல் ஏதோ ஒரு பறவை, கீழே நாடாவில் லத்தீன் வாசகம். "இதுதான் எங்கள் குடும்பச் சின்னம். இதை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகவேண்டும்" என்றார் அந்தப் பையன்.

எனக்குப் பகீர் என்றது. 2012இல் இதே வார்த்தையை இதே மாதிரி ஒரு மேஜை முன் உட்கார்ந்து நான் சொல்லியிருக்கிறேன்.

நான் கல்யாணமாகி இங்கிலாந்து வந்தவள். கணவர் வீட்டுக் குடும்பப் பெயர் டர்னர். மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஷாப்பிங் சென்டரில் ஒரு சின்னக் கடை கண்ணில் பட்டது. பெயரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டினார்கள். பத்து நிமிஷத்தில் 'டர்னர் குலச்சின்னம்' மரப்பலகையாகக் கைக்கு வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் வந்த பொருள் இரண்டு வருஷத்தைத் தின்றது.

விலையை விசாரியுங்கள், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

குடும்பப் பெயருக்கென்று ஒரு சின்னம் உண்டு என்று நம்புவது

கிடையாது. இங்கிலாந்தில் சின்னம் வழங்கப்படுவது ஒரு தனி மனிதருக்கு. அவருக்குப் பிறகு ஆண் வழி வாரிசுகளுக்கு அந்த உரிமை இறங்கும். அவ்வளவுதான். நம் ஊர் பட்டா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முருகேசன் பெயரில் பட்டா இருக்கிறது என்பதற்காக, தாலுகாவில் உள்ள முருகேசன்கள் எல்லோரும் அந்த நிலத்தில் போய்க் களை எடுக்க முடியாது.

டர்னர் என்றால் கடைசல் வேலை செய்கிறவர். ஊருக்கு ஊர் கடைசல்காரர் இருந்தார், அதனால் ஊருக்கு ஊர் டர்னர் குடும்பம் உருவானது. ஒன்றுக்கொன்று ரத்த சம்பந்தம் இல்லை. ஸ்மித், பேக்கர், டெய்லர் எல்லாம் இதே கதைதான். இந்தப் பெயர்க்காரர்களில் சிலர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சின்னம் வாங்கினார்கள். மிச்சப் பேர் வாங்கவே இல்லை. கடைக்காரர் கம்ப்யூட்டர் அந்தச் சிலரில் ஒருவருடையதை எடுத்து எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுக்கிறது.

அரச குடும்பத்தில் பெண் கொடுத்த மைக்கேல் மிடில்டனைப் பாருங்கள். மிடில்டன் பழைய பெயர். கடைக்குப் போயிருந்தால் அவருக்கும் பத்து நிமிஷத்தில் ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் 2011இல், மகள் கேத்தரின் திருமணத்துக்குச் சற்று முன்பு, அவருக்குப் புதிதாக ஒரு சின்னம் வழங்கப்பட்டது. அதில் உள்ள மூன்று ஓக் கொட்டைகள் அவருடைய மூன்று பிள்ளைகளைக் குறிப்பவை. மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித் என்பதால் நடுவில் கவிழ்த்த V வடிவில் ஒரு பொன்னிறப் பட்டை. சொந்தக் குடும்பத்துக்காகவே வரைந்த சின்னம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

அந்தக் காலத்து ஆட்கள் இந்த உரிமையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள் என்பதற்கு ஒரு வழக்கு போதும். 1385இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் படை ஸ்காட்லாந்துக்குப் போனபோது, ரிச்சர்ட் ஸ்க்ரோப், ராபர்ட் க்ராவ்னர் என்ற இருவரும் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள். நீலக் கேடயத்தில் சாய்வாக ஒரு பொன்பட்டை. வழக்கு ஐந்து வருஷம் இழுத்தது. நூற்றுக்கணக்கான சாட்சிகள். கவிஞர் ஜெஃப்ரி சாசரும் அதில் ஒருவர். கடைசியில் ஸ்க்ரோப் ஜெயித்தார். க்ராவ்னர் வேறு சின்னத்துக்கு மாறவேண்டியதாயிற்று. அந்த வம்சத்தில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன், 1880இல் டெர்பி பந்தயத்தை ஜெயித்த தன் குதிரைக்கு வைத்திருந்த பெயர் 'பெண்ட் ஆர்', அதாவது பொன்பட்டை. ஐந்நூறு வருஷமாகியும் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

முழுவதையும் 'க்ரெஸ்ட்' என்று சொல்வது

க்ரெஸ்ட் என்பது தலைக்கவசத்தின் உச்சியில் இருக்கும் பறவையோ கையோ மட்டும். 'ஃபேமிலி க்ரெஸ்ட்' என்று எழுதி முழுச் சின்னத்தையும் விற்கும் கடையைப் பார்த்தால் அப்படியே நடையைக் கட்டுங்கள்.

சின்னத்தைப் பிடித்துக்கொண்டு வம்சத்தைக் கட்டுவது

இதைத்தான் சொல்ல வந்தேன். மற்றத் தவறுகளில் போவது கைக்காசு. இதில் வருஷம் போகும், மானமும் போகும்.

பலகையில் இருந்த சின்னம் தென் இங்கிலாந்தில் நிலபுலன்களோடு வாழ்ந்த ஒரு டர்னர் குடும்பத்துடையது என்று கண்டுபிடித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'சரி, அங்கே போய்ச் சேரவேண்டும்' என்று முடிவு கட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். போகவேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டால் எந்தச் சந்தும் வழியாகத்தான் தெரியும்.

கணவரிலிருந்து பின்னோக்கி 1837 வரை சிரமம் இல்லை. அந்த வருஷம் ஜூலையில்தான் இங்கிலாந்தில் அரசாங்கமே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிய ஆரம்பித்தது. அப்போது ஒரு சான்றிதழ் பத்து பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. முப்பத்தெட்டு வாங்கினேன். அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. 1797இல் ஒரு வில்லியம் டர்னர் திருமணம் கிடைத்தது. நம் ஆள்தான், சந்தேகமில்லை. இவர் எங்கே பிறந்தார் என்று தேடியபோது, பக்கத்து வட்டாரத்தில் 1774இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு வில்லியம் டர்னர் அகப்பட்டார். தந்தை பெயருக்குப் பின்னால் 'கனவான்' என்று குறித்திருந்தது. என் பலகைச் சின்னத்துக்குச் சொந்தக்காரர்களின் கிளைக் குடும்பம்! அன்று இரவு கணவரை எழுப்பிச் சொன்னேன்.

இப்போது அந்த 1797 திருமணப் பதிவைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 1754க்குப் பிறகு மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும், தெரியாதவர்கள் குறி வைக்கவேண்டும். வில்லியம் டர்னர் பெயரைப் பாதிரியார் எழுதியிருக்கிறார். 'வில்லியம்' என்ற சொல்லுக்கும் 'டர்னர்' என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி. ஒரு கோடு நீளம், ஒன்று குட்டை, நீளமான கோட்டின் முடிவில் மை கொட்டியிருக்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்துப் பழக்கமில்லாத கை.

கனவான் வீட்டுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. 'கல்யாணத்தன்று கையில் காயம் பட்டிருக்கலாம்' என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். நிஜமாகவே எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் குடும்ப வரலாற்றுச் சங்கத்தில் ஒரு பெரியவர் என் வம்சாவளிப் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "அடக்கப் பதிவைப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. 1813க்கு முன்னால் ஞானஸ்நானமும் அடக்கமும் பெரும்பாலும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கும். நான் பார்த்துப் பார்த்துப் பூரித்த அதே புத்தகத்தில், சில தாள்கள் தள்ளி, 1775இல் ஒரு வரி: வில்லியம், அதே தந்தையின் மகன், கைக்குழந்தை. ஒரு வயதுகூட நிரம்பாமல் செத்துப்போன குழந்தைக்குக் கல்யாணம் செய்துவைத்து, ஏழு பிள்ளைகளையும் பெற வைத்திருந்தேன்.

நிஜமான வில்லியம் பிறகு கிடைத்தார். ஏழைகள் எந்த ஊரின் பொறுப்பு என்று தீர்மானிக்க, அந்தக் காலத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி விசாரித்து எழுதிக்கொள்வார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் கூலி வேலை செய்தாய் என்று எல்லாம் அதில் வரும். அப்படி ஒரு வாக்குமூலத்தில் இவர் இருந்தார். பிறந்தது நாலு மைல் தள்ளி இன்னொரு ஊர். தந்தை பண்ணைக் கூலி. அந்த ஊர் ஏழை நிவாரணக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே ஒரு ஜோடி செருப்புக்குப் பணம் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது.

இதில் இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது வேறு விஷயத்துக்கு. அந்தத் தப்பான வம்சாவளியை நான் பெருமையாக இணையத்தில் ஏற்றியிருந்தேன். என்னுடையதை அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் அப்படியே பிரதியெடுத்துத் தங்கள் வம்சாவளியில் ஒட்டிக்கொண்டார்கள். எழுதிக் கேட்டால், "இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே, தப்பாக இருக்குமா?" என்கிறார்கள். இத்தனை பேரும் என்னிடமிருந்து எடுத்தவர்கள் ஐயா!

ஆகவே, உங்களிடமிருந்து கிளம்புங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும், இவர் இன்னார் மகன் என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் வரை பார்க்கிறோம் இல்லையா, அதே கண். ஒரே பெயரில் ஆள் கிடைத்தால் முதல் வேலை, அவர் குழந்தையாகவே செத்துப்போகவில்லையா, வேறு ஊரில் வேறு பெண்ணைக் கட்டவில்லையா என்று பார்ப்பது. தந்தையின் உயிலைத் தேடுங்கள். சொத்துள்ளவர் பெரும்பாலும் பிள்ளைகளின் பெயரை எழுதியிருப்பார்.

"புத்தகத்திலேயே இருக்கிறதே!"

பெரும்பாலும் கடைக்காரர்கள் காட்டும் ஆதாரம் பெர்னார்ட் பர்க் தொகுத்த ஜெனரல் ஆர்மரி. கடைசிப் பதிப்பு 1884, சுமார் 60,000 சின்னங்கள். நல்ல உழைப்பு. ஆனால் அரசாங்கப் பதிவேடு அல்ல. முறையாக வழங்கப்பட்டதும், யாரோ தானாகப் போட்டுக்கொண்டதும் அதில் கலந்தே இருக்கின்றன. ஸ்மித் என்ற பெயருக்குக் கீழே பக்கம் பக்கமாகப் போகும். அதில் எது 'ஸ்மித் குலச்சின்னம்' என்று கடைக்காரரைக் கேளுங்கள், பதில் சொல்லட்டும்.

சின்னம் வழங்கவும் பதியவும் அதிகாரமுள்ள இடம் லண்டனில் குயின் விக்டோரியா தெருவில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் காலத்தில் ஏற்பட்டது. எழுதிக் கேட்டால் அன்று பணிமுறையில் இருக்கும் அதிகாரி பதில் சொல்வார். பதிவேடுகளைத் தேடச் சொன்னால் கட்டணம் உண்டு. 1530 முதல் 17ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இவர்களுடைய ஹெரால்டுகள், அதாவது சின்ன அதிகாரிகள், மாவட்டம் மாவட்டமாகப் போய், யார் உரிமையோடு சின்னம் வைத்திருக்கிறார்கள், யார் சும்மா மாட்டியிருக்கிறார்கள் என்று சோதித்தார்கள். உரிமையில்லாதவர்கள் 'எனக்கு இல்லை' என்று ஊரறிய ஒப்புக்கொள்ளவேண்டும்.

சிங்கம் என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம்

கடைக்காரர் சரக்கு. நம்பாதீர்கள்.

ஸ்காட்லாந்திலும் இப்படித்தான் என்று நினைப்பது

அங்கே கெடுபிடி அதிகம். 1672ஆம் வருஷச் சட்டப்படி, பதியாத சின்னத்தைத் தன்னுடையதாகப் பயன்படுத்துவது குற்றம். லார்ட் லயன் என்ற அதிகாரிக்குச் சொந்தமாக ஒரு நீதிமன்றமே எடின்பரோவில் இருக்கிறது. சுற்றிலும் பெல்ட்டும் பக்கிளும் போட்ட குலக்குழு பேட்ஜை எவரும் வாங்கி அணியலாம்தான். அதில் இருப்பது அந்தக் குலக்குழுத் தலைவருடைய க்ரெஸ்ட். அணிந்தால் 'நான் இவருடைய ஆள்' என்று அர்த்தம், 'இது என்னுடையது' என்று அல்ல.

இங்கிலாந்தில் இதற்கான பழைய நீதிமன்றம் கடைசியாகக் கூடியது 1954இல், மான்செஸ்டர் மாநகராட்சி தன் சின்னத்தை ஒரு நாடகக் கொட்டகை பயன்படுத்தியதாகப் போட்ட வழக்குக்கு. வரவேற்பறையில் பலகை மாட்டியதற்கு யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். அலங்காரத்துக்கு மாட்டுங்கள், நன்றாகவே இருக்கும்.

பலகையின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது

நான் பார்த்தது இரண்டு வருஷம் கழித்து. சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்து: இது எந்த வம்சாவளித் தொடர்பையும் குறிப்பதல்ல.

மோதிரத்தில் செதுக்குவது

பலகையைக் கழற்றிவிடலாம். பிறந்தநாள் முடிந்த வேகத்தில், என் யோசனைப்படி, மாமனார் அந்தச் சின்னத்தைத் தங்க முத்திரை மோதிரத்தில் ஆழமாகச் செதுக்கிக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மெழுகில் அழகாக விழுகிறது, கழற்றமாட்டேன் என்றார். தேய்த்து அழித்தால் முகப்புத் தகடு மெலிந்துபோகும் என்று நகைக்கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். தனக்குப் பிறகு மோதிரம் பேரனுக்கு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அவன் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு யார் மேஜைக்கு முன்னால் போய் உட்காரப்போகிறார்களோ! நாலு மாதம் கெஞ்சியதில் உள்பக்கம் '2012' என்று பொறித்துக்கொள்ள மட்டும் சம்மதித்திருக்கிறார்.