வைக்கோலைக் கொளுத்தாமல் வயலுக்கே கொடுப்பது எப்படி

மாசி, பங்குனியில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் பின்னேரம் வந்தால் எங்காவது ஒரு வயலில் புகை கிளம்புவதைப் பார்க்கலாம். காலபோகம், அதாவது மாரிமழைக்கால நெல், வெட்டியாயிற்று, வெட்டு மெசின் விட்டுப்போன வைக்கோல் வரிவரியாகக் கிடக்கிறது, அடுத்த உழவுக்கு இடைஞ்சல், ஒரு நெருப்புக்குச்சியோடு வேலை முடிந்தது. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒட்டுசுட்டான் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர், குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல். கொளுத்துவதை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. எங்கே பிழை விட்டேன், இப்போது எப்படிச் செய்கிறேன் என்பதை எழுதுகிறேன். வெட்டுக்கு முன்பே வாசித்தால் உங்களுக்கு ஒரு போகம் மிச்சம்.

முதலில் கணக்கு. நெல்லும் வைக்கோலும் எடையில் ஏறக்குறையச் சரிக்குச் சரி. ஒரு தொன் காய்ந்த வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும் இருக்கின்றன. பயிர் நிலத்திலிருந்து இழுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு மணிக்குப் போவதில்லை, தாளிலேயே தங்கிவிடுகிறது. எம்.ஓ.பி. என்று கடையில் விற்கிற பொட்டாசியப் பசளையில் எடைக்குப் பாதிதான் பொட்டாசியம் என்பதால், ஒரு தொன் வைக்கோல் என்பது 50 கிலோ மூட்டையில் அரை மூட்டை எம்.ஓ.பி.க்குச் சமம். கடையில் இன்றைக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

“சாம்பலும் அந்த நிலத்திலதானே தம்பி விழுது?” என்று பக்கத்து வயல் ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். பொட்டாசியம் சாம்பலில் இருக்கும், உண்மை. ஆனால் நைதரசன் கிட்டத்தட்ட முழுவதும் புகையோடு போய்விடும், உக்கி மண்ணுக்கு உயிர் கொடுக்க வேண்டிய சேதனப் பொருளும் போய்விடும். மிஞ்சிய சாம்பல் குவியல் எரிந்த இடத்தில் மட்டும் கனமாகக் கிடக்கும், வைகாசியில் சோளகம் எழும்பினால் அதிலும் பாதி யாருடைய காணிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வரம்போரம் நின்ற பனை வடலிகள் கருகியதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வடலி பனையாக எத்தனை வருடம் வேண்டும் என்று நினைத்தால் மனம் கேட்காது.

சரி, செய்முறைக்கு வருவோம். முழு வேலையிலும் முக்கியமானது பரப்புவது. நான் முதல் வருடம் பரப்பவில்லை. மெசின் விட்ட வரியை அப்படியே விட்டு உழுதேன், விதைத்தேன். மூன்றாம் கிழமை வரம்பில் நின்று பார்த்தால், பச்சை வயலுக்குள் நாலடி அகலத்துக்கு மஞ்சள் பட்டைகள், மெசின் ஓடிய வழியை அப்படியே கோடு போட்டுக் காட்டின. அந்த இடத்துச் சேற்றைக் கையால் கிளறினேன்: கறுத்து, அழுகல் மணத்தோடு, பாதி உக்கிய வைக்கோல் திரளாக வந்தது. வேர்கள் கபில நிறத்தில் இருந்தன. வைக்கோலை உக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கும் நைதரசன் வேண்டும், அவை மண்ணில் இருந்ததை முதலில் எடுத்துக்கொண்டன, நாற்றுக்கு மிஞ்சவில்லை. ஆகவே வெட்டி இரண்டு மூன்று நாளுக்குள், வைக்கோல் மொறுமொறுப்பாக இருக்கும்போதே, கவர்த்தடியால் உதறி வயல் முழுக்க மெல்லிசாகப் பரப்புங்கள். ஏக்கருக்கு இரண்டு பேர் அரை நாள் நின்றால் போதும். மழையோ பனியோ பட்டுப் படிந்துவிட்டால் அதே வேலை இரண்டு மடங்காகும்.

அடுத்தது எப்போது உழுவது. இது உங்கள் வயலைப் பொறுத்தது. சிறுபோகம் (வெயில்கால நெல்) செய்யாத மானாவாரி வயல் என்றால் அவசரமே இல்லை. பரப்பிய வைக்கோல் வெயில் காலம் முழுக்க நிலத்தை மூடிக் கிடக்கட்டும், மாடு தின்னட்டும், கறையான் அரிக்கட்டும், ஆவணி கடைசியில் அல்லது புரட்டாதி முதல் மழையோடு மண்ணுக்குள் புரட்டினால் காய்ந்த நிலத்தில் விதைக்கிற புழுதி விதைப்புக்கு ஒரு இடைஞ்சலும் தராது. குளத்துத் தண்ணீரில் சிறுபோகமும் செய்கிறவர்களுக்குத்தான் நாள் நெருக்கம். தண்ணீர் திறந்த உடனே முதல் உழவை முடித்து வைக்கோலைச் சேற்றுக்குள் அமத்திவிடுங்கள். அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு கிழமை, முடிந்தால் மூன்று, நிலத்தை ஈரமாக விட்டுவிட்டு இரண்டாம் உழவு, பலகையடிப்பு, விதைப்பு. மாட்டுச்சாணம் கரைத்து முதல் உழவுக்கு முன் தெளித்தால் இன்னும் கெதியாக உக்கும். மூன்று கிழமை கிடைக்காது என்று தெரிந்தால் வைக்கோலில் பாதியை வாரி வயல் மூலையில் குவித்துவிடுங்கள். ஒரு அடுக்கு வைக்கோல், மேலே வேலியில் வெட்டிய கிளிசரியாக் குழை, அதற்கு மேல் சாணக் கரைசல் என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டு, இரண்டரை மாதத்தில் நல்ல பசளை.

எரிபந்தம் என்ற பூஞ்சண நோய் கடுமையாக வந்த வயலின் வைக்கோலைப் பச்சையாக உழுது விடாதீர்கள். அதையும் இப்படிக் குவித்துச் சூடேற உக்கவைத்த பிறகு போடுங்கள். களை நெல் (தானாக முளைத்து உதிர்கிற களையான நெல்) கூடுதல் என்பதற்காகக் கொளுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் முதல் மழைக்கு அல்லது முதல் தண்ணீருக்குக் களையை முளைக்கவிட்டு, முளைத்ததை உழுது அழித்துவிட்டு விதைத்துப் பார்க்கட்டும்.

பசளையை உடனே குறைக்க வேண்டாம். 2021இல் இலங்கை அரசாங்கம் ரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது என்ன நடந்தது என்று எல்லோரும் பட்டுத்தான் அறிந்தோம், அதே வருடக் கடைசியிலேயே அந்தத் தடையை எடுக்க வேண்டி வந்தது. மண் ஒரு போகத்தில் மாறாது. மூன்று நான்கு போகம் தொடர்ந்து வைக்கோலைப் போட்ட பிறகு, விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி மண்ணைப் பரிசோதித்து, எம்.ஓ.பி.யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். யூரியாவுக்கு இலை நிற அட்டை இருக்கிறது: முழுதாக விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் உங்கள் முதுகு நிழலில் பிடித்து, அட்டையோடு ஒப்பிட்டு, வயலில் பத்து இடத்திலாவது பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் போடுங்கள். பச்சை கறுத்து நிற்பதைப் பார்த்துச் சந்தோசப்படுவதில்தான் அறக்கொட்டியான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்து தொடங்குகிறது. யூரியா கூடி, பயிரும் நெருங்கி நின்றால் அது பெருகும். கண்ட உடனே கண்ட மருந்தை அடித்தால் அதைத் தின்கிற சிலந்திகளும் செத்து இன்னும் மோசமாகும். விதைநெல் ஏக்கருக்கு இரண்டு புசல் (ஒரு புசல் ஏறக்குறைய 20 கிலோ) போதும், முட்டை மிதக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு மிதக்கிற சப்பியை (பதரை) வாரி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி விதைத்தால்.

தண்ணீர் விடயத்திலும் ஒரு சின்னக் கருவி சொல்கிறேன், சிறுபோகத்துக்கு. நாலு அங்குல பீவீசி பைப்பில் ஒரு அடித் துண்டு வெட்டுங்கள். கீழ்ப் பாதியில் சுற்றிவரத் துளைகள் போடுங்கள். துளை உள்ள பாதி மண்ணுக்குள் போகும்படி, வரம்பிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் வயலில் இறக்கி, உள்ளே இருக்கிற சேற்றைக் கையால் அள்ளி எடுத்துவிடுங்கள். இப்போது வயலின் அடித்தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பைப்புக்குள் தெரியும். விதைத்து மூன்று கிழமைக்குப் பிறகு, மேலே நிலம் காய்ந்து வெடிப்பது போலிருந்தாலும் பயப்படாமல், பைப்புக்குள் தண்ணீர் நிலமட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை பொறுத்து, பிறகு இரண்டு அங்குலம் கட்டுங்கள். பூக்கும் காலத்தில் முன்னும் பின்னும் ஒவ்வொரு கிழமை மட்டும் தண்ணீர் குறையவே கூடாது. இப்படிச் செய்தால் 30 வீதம் வரை தண்ணீர் மிச்சமாகும், வைக்கோல் உக்கும்போது கிளம்புகிற மீதேன் வாயுவும் நன்றாகக் குறையும்.

ஆனால் எங்களிடம் ஒவ்வொருவருக்கும் முறை வைத்துத் திறக்கிற வாய்க்கால் தண்ணீர். முறை வந்த அன்று பைப்பில் தண்ணீர் அந்த 15 சென்ரிமீற்றர் இறங்கவில்லை என்றாலும், அடுத்த முறை எப்போதோ என்ற பயத்தில் எல்லோரும் கட்டிவிடுகிறோம், கடைசி வயல்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இரணைமடுக் குளம் ஆனாலும் முத்தையன்கட்டுக் குளம் ஆனாலும் வாய்க்கால் கடைசியில் இதே கதைதான். இதைத் தனி ஆள் மாற்ற முடியாது. கமக்காரர் அமைப்பில் பேசி, ஒரு வாய்க்காலில் ஐந்து பைப்பாவது இறக்கி, பைப்பைப் பார்த்து முறையை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். எங்கள் வாய்க்காலில் இரண்டு பைப்தான் இருக்கிறது, ஒன்று என்னுடையது.

கடைசியாக, பட்டி மாடு வைத்திருப்பவரிடம் வெட்டுக்கு முன்பே கதையுங்கள். மேய்ச்சல் தரை இல்லாமல் அவர்களும் அலைகிறார்கள். இரவில் உங்கள் வயலில் பட்டி அடைக்கச் சொல்லி, மூன்று நாலு இரவுக்கு ஒருமுறை இடம் மாற்றச் சொன்னால், வைக்கோலில் ஒரு பங்கு மாட்டுக்கு, சாணமும் சலமும் நிலத்துக்கு. அப்புறம் எந்த வயலில் எத்தனை இரவு என்பதை முதலே பேசி வையுங்கள், மாசி பிறந்தால் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்.