லண்டன் கேஸ்ட்ரோபப்பில் சாப்பிடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

1991-இல் டேவிட் எய்ர், மைக் பெல்பென் இருவரும் லண்டன் ஃபாரிங்டன் சாலையில் இருந்த தி ஈகிள் என்ற பழைய பப்பை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். பார் கவுன்ட்டரை ஒட்டியே அடுப்பு, அன்றைக்கு என்ன சமையலோ அது மட்டும் கரும்பலகையில். ரெஸ்டாரன்ட் தரத்தில் சமைத்துத் தரும் பப்புக்கு கேஸ்ட்ரோபப் என்ற பெயர் பரவியது அங்கிருந்துதான். சாப்பாடு மாறியது, பப்பின் பழக்கவழக்கங்கள் மாறவில்லை. புதிதாகப் போகிறவர்கள் தட்டைப் பார்த்து ரெஸ்டாரன்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அதிலிருந்துதான் வருகின்றன.

முதல் தவறு, மேசையில் உட்கார்ந்து ஆள் வருவார் என்று காத்திருப்பது. பல இடங்களில் யாரும் வர மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போய், உணவும் பானமும் அங்கேயே சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். தட்டு மட்டும் மேசைக்கு வரும். இன்னும் சில இடங்களில் முன்பகுதி பார், பின்பகுதி சாப்பாட்டு அறை. மேசையில் ஏற்கெனவே கத்தியும் முள்கரண்டியும் நாப்கினும் வைத்திருந்தால் அது முன்பதிவு செய்தவர்களுக்கானது, அங்கே பரிமாற ஆள் உண்டு. குழப்பமாக இருந்தால் நுழைந்ததும் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள், அரை நிமிட வேலை.

கவுன்ட்டரில் வரிசை இருக்காது. ஆனால் யாருக்குப் பிறகு யார் என்பதைப் பரிமாறுபவர் கவனித்துக்கொண்டே இருப்பார். பணத்தை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, கூப்பிடுவது எல்லாம் உங்களைப் பின்னுக்குத்தான் தள்ளும். கண்ணில் படும்படி நின்றாலே போதும். நான்கு பேருக்கு வாங்குவதென்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், அதில் கின்னஸ் என்ற கறுப்பு பீர் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அதை முக்கால் அளவு ஊற்றி, நுரை படிய விட்டு, பிறகுதான் நிரப்புவார்கள். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகும். கடைசியில் சொன்னால் மற்ற கிளாஸ்கள் அதற்காகக் காத்திருக்கும்.

சேர்ந்து போனால் ஒவ்வொருவரும் முறை வைத்து எல்லோருக்கும் வாங்குவது அங்குள்ள வழக்கம். மற்றவர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்முன் கிளம்புவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள். குறைவாகக் குடிப்பவர் தொடக்கத்திலேயே “நான் எனக்கு வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடலாம். அதில் தவறில்லை.

அளவு தெரியாமல் குடிப்பது

பிரிட்டனில் ஒரு பைன்ட் 568 மில்லி. அரை பைன்ட் 284 மில்லி, கேட்டால் தயங்காமல் தருவார்கள். ஜின், ரம், வோட்கா, விஸ்கி ஒரு சிங்கிள் 25 அல்லது 35 மில்லி, எந்த அளவு என்பதைக் கடை அறிவித்திருக்க வேண்டும். நம் ஊர் 30, 60 கணக்கை மனதில் வைத்துக்கொண்டு டபுள் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 25 மில்லி கடையில் டபுள் 50, இன்னொரு கடையில் 70.

ஏமாற்றுவது வைன்தான். பெரிய கிளாஸ் 250 மில்லி, அதாவது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. 13 சதவீத வைன் என்றால் அதில் 32 மில்லிக்கும் மேல் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் ஒரு பைன்ட்டில் இருப்பது 28 மில்லிதான். “வைன்தானே” என்று இரண்டு பெரிய கிளாஸ் குடித்தவர் இரண்டு பைன்ட் குடித்தவரைவிட அதிகம் குடித்திருக்கிறார். 125 மில்லி கிளாஸ் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம், மெனுவில் கண்ணில் படாவிட்டாலும் கேளுங்கள். குழாய்த் தண்ணீரும் இலவசம்தான். வெறுமனே “வாட்டர்” என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறிவிடலாம், “டேப் வாட்டர்” என்று சொல்லுங்கள்.

கைப்பிடியை இழுத்து ஊற்றும் காஸ்க் ஏலை வாங்கிவிட்டு “சில்லென்று இல்லை, கேஸ் இல்லை” என்று திருப்பிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. அது பீப்பாயிலேயே பதப்படும் பீர். 11 முதல் 13 டிகிரியில் தருவதுதான் முறை, மெல்லிய குமிழ்தான் இருக்கும். ஐஸ் போலக் குளிர வைத்தால் மால்ட்டின் வாசமே தெரியாது. வினிகர் நெடியோ ஈர அட்டை வாடையோ அடித்தால் மட்டும் அது உண்மையிலேயே கெட்டது. பீப்பாய் திறந்து சுமார் மூன்று நாளில் விற்றுத் தீராவிட்டால் அப்படி ஆகும். முதல் இரண்டு வாயிலேயே சொன்னால் மாற்றித் தருவார்கள், பாதி குடித்துவிட்டுச் சொன்னால் நம்புவது கடினம். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் வாங்கும்முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம்.

தட்டில் மறைந்திருப்பவை

சைவம் சாப்பிடுபவர்களும் மாட்டிறைச்சி தொடாதவர்களும் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்வதுதான் இருப்பதிலேயே வருத்தம் தரும் தவறு. உருளைக்கிழங்குச் சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் சமையலறைகள் உண்டு, அதையே பெருமையாக எழுதியும் வைப்பார்கள். ரோஸ்ட் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வெந்திருக்கலாம். யார்க்‌ஷயர் புட்டிங் மாவும் முட்டையும் பாலும்தான், ஆனால் அதை ஊற்றும் சூடான கொழுப்பு மாட்டினுடையதாக இருக்கலாம். வெல்ஷ் ரேர்பிட் வெறும் சீஸ் டோஸ்ட் போலத் தெரியும். அதில் சேரும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. பார்மெசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் இல்லாமல் ஆவதில்லை. ஸ்காட்ச் எக்கில் அவித்த முட்டையைச் சுற்றியிருக்கும் மேலுறை பன்றி இறைச்சி, பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்வது. காஸ்க் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்ப்பதும் வழக்கம்.

அதனால் “இது வெஜிடேரியனா” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். “எந்தக் கொழுப்பில் பொரிக்கிறீர்கள், கிரேவி எதன் சாற்றில், மீன் பொரிக்கும் எண்ணெயில்தான் சிப்ஸும் போகிறதா” என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல சமையலறை சலித்துக்கொள்ளாது. நிலக்கடலை, எள், கடுகு, பால் உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டியது அவர்கள் சட்டக் கடமையும்கூட.

அக்டோபர் முதல் ஜனவரி வரை ஃபெசன்ட் பறவை மெனுவில் வரும். சுட்டுப் பிடித்த பறவை, சதைக்குள் ஈயக் குண்டு தங்கியிருக்கலாம். வேகமாகக் கடித்தால் பல் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்கு முன்பதிவு இல்லாமல், அதுவும் பிற்பகல் நான்கு மணிக்கு, போகாதீர்கள். இறைச்சியை முழுத் துண்டாகக் காலையிலேயே சுட்டு, ஆற வைத்து, கேட்கக் கேட்க அரிந்து தருகிறார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், மிஞ்சினாலும் காய்ந்திருக்கும். நடுவில் இளஞ்சிவப்பாக இருப்பதுதான் அவர்கள் முறை. நன்றாக வெந்தது வேண்டுமென்றால் அது இரண்டு ஓரத் துண்டுகள்தான், சீக்கிரம் போய்க் கேட்பவருக்குக் கிடைக்கும்.

பில் வந்ததும் கீழ்வரியைப் பாருங்கள். மேசையில் பரிமாறும் இடங்களில் 12.5% சேவைக் கட்டணம் சேர்த்திருப்பது லண்டனில் சாதாரணம். அது விருப்பத்தொகை என்று போட்டிருந்தால் நீக்கச் சொல்லலாம், கொடுத்துவிட்டால் அதற்கு மேல் டிப்ஸ் வேண்டியதில்லை. கவுன்ட்டரில் வாங்கினால் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

நேரத்தையும் பார்த்துப் போங்கள். பார் இரவு 11 வரை திறந்திருக்கும், சமையலறை ஒன்பது, ஒன்பதரைக்கே அடுப்பை அணைத்துவிடும். மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவில் மூடுவதும் உண்டு. இளமையாகத் தெரிபவர்கள் பாஸ்போர்ட் எடுத்துச் செல்வது நல்லது. குறைந்தபட்ச வயது 18 என்றாலும், 25-க்குக் கீழ் இருப்பதாகத் தோன்றும் எவரிடமும் அடையாளம் கேட்பது பெரும்பாலான கடைகளின் விதி.