அப்பாவுக்கு நினைவு மலர்: ஆர்டர் புக்கில் தொடங்கி அச்சகம் வரை

வருச நினைவுக்கு வரும் ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம். ஏ5 அளவு, 16 பக்கம், நடுவில் ரெண்டு பின். அவ்வளவுதான் நாம் செய்யப் போவது. என் அப்பா கோயம்புத்தூர் பம்ப்செட்டுக்கு சேல்ஸ்மேன். காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர், தாராபுரம் அவர் லைன். உங்கள் அப்பா நூலோ பனியனோ மருந்தோ விற்றிருந்தாலும் வழி இதேதான். தமிழில் டைப் அடிக்க, படத்தை வெட்ட உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. ஆல்பத்துக்கு முன்னால் பையைத் திறங்க

எல்லோரும் கல்யாண ஆல்பத்தில் தொடங்குவார்கள். அதில் அப்பா மாலையோடு நிற்பார், விறைப்பாக. சேல்ஸ்மேனின் வாழ்க்கை இருப்பது ரெக்சின் பையில்: ஆர்டர் புக், பாக்கெட் டைரி, வசூல் நோட்டு, விசிட்டிங் கார்டுகள்.

எங்களுக்குக் கிடைத்த ஒரு பக்கம்: "கெணறு 70 அடி. தண்ணி 50ல். 5 ஹெச்.பி. பழசு காயில் போச்சு. மஞ்சள் வித்துப் பாக்கி தருவார். பெரிய மக கல்யாணம் தையில், போகணும்." தண்ணீர் மட்டத்தை ஏன் குறித்தார் என்றால், மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக, தண்ணிக்கு மேலே உட்காருவது) தனக்கு ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணியை உறிஞ்சாது. மட்டம் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணற்றுக்குள்ளேயே கீழே இறக்கி வைக்க வேண்டும். நோட்டுகளை வரிசையாகப் புரட்டினால் மோனோபிளாக் போய் காற்றை அடித்துத் தண்ணி ஏற்றும் கம்ப்ரசர், கம்ப்ரசர் போய் தண்ணிக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் என்று ஊர்த் தண்ணியின் கதையும் கூடவே வரும். மலருக்கு அதுவே அத்தியாயப் பிரிவு.

கடைசிப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். வீட்டு விசயம் அங்கேதான் இருக்கும். ஒரு பக்கத்தில் என் தங்கச்சியின் பாதத்தை வைத்து பேனாவால் சுற்றி வரைந்திருந்தார். பக்கத்தில் "சிவப்பு, வார் வச்சது". மேல் தாளைக் கிழித்துச் செருப்புக்கடைக்குக் கொண்டு போய்விட்டார். கார்பன் காப்பி நீலத்தில் அப்படியே இருந்தது. 'குடும்பத்தின் மீது பேரன்பு கொண்டவர்' என்று எழுத நினைத்த இடத்தில் அந்தப் பக்கத்தை முழுசாகப் போட்டோம்.

நோட்டுப் பக்கங்களுக்கு ஜன்னல் வெளிச்சமும் செல்போனும் போதும், பிளாஷ் வேண்டாம். சின்ன கருப்பு வெள்ளைப் படங்களுக்கு மட்டும் ஸ்கேனர், 600 டிபிஐ. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், தாளோடு ஸ்கேன் செய்யுங்கள்.

2. தேதி போடாத காகிதத்துக்குத் தேதி

விலாசத்தில் மாவட்டத்தைப் பாருங்கள். ஈரோட்டுப் பக்கம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம், அப்புறம் பெரியார் மாவட்டம், 1990களில்தான் ஈரோடு மாவட்டம். காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டத்துக்குப் போனது 2009ல். பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தியது. படத்தில் பஸ் மேல் 'சேரன்' (அப்போதைய அரசு பஸ் கழகம்) என்று இருந்தால் 1972க்கும் 1997க்கும் நடுவில். அப்பா டிவிஎஸ் 50 மேல் உட்கார்ந்திருந்தால் 1980க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை.

3. பேச வைப்பது

"மாமா, அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால், "தங்கமான மனுசனுங்க, வேற என்னத்தச் சொல்றது" என்பதோடு முடிந்துவிடும். வேலையைக் கேளுங்கள். "பாக்கி தராதவங்ககிட்ட அப்பா எப்படிங்க வசூல் பண்ணுவாரு?" என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேக்கவே மாட்டாருங்க. மோட்டாரு நல்லா ஓடுதுங்களான்னு கேட்டுட்டு, மோரைக் குடிச்சுப்போட்டு, திண்ணையிலயே உக்காந்திருப்பாரு. பொழுதோட அவங்களே எடுத்தாந்து குடுத்துருவாங்க!"

போனை மேசையில் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்யுங்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் மேடைப் பேச்சு வந்துவிடும். பதிவதற்கு முன்னால் சொல்லிவிடுவது மரியாதை. வாய்ஸ் டைப்பிங்கை நான் நம்புவதில்லை. நம் பக்கத்துப் பேச்சை அது வேறு என்னவோ ஆக்கிவிடுகிறது. கேட்டுக் கேட்டு அடிப்பதே மேல்.

4. எழுதுவது

பிறந்தார், படித்தார் என்று போகாமல், ஒவ்வொரு அத்தியாயத்துக்குள்ளும் லைனில் ஊர் வரும் வரிசையில் எழுதுங்கள். பாக்கிக்காரர் பெயர்களை மறைத்துவிடுங்கள். அவர்கள் பேரன்களும் பந்தியில் உட்காருவார்கள்.

5. அச்சகம். இங்கேதான் நிதானம் வேண்டும்

நாம் அடிப்பது யூனிகோடு, அதாவது போனிலும் இணையத்திலும் ஓடும் பொது எழுத்துமுறை. நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழைய எழுத்துருக்களும்தான். அந்தப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். மாற்றும்போது ஆங்கிலத்தில் அடித்த ஹெச்.பி., மாடல் பெயர் எல்லாம் சம்பந்தமில்லாத தமிழ்க் குறிகளாகிவிடும். எங்களுக்கு வந்த முதல் புரூஃபில் (சோதனை அச்சில்) எல்லா மோட்டாரும் அப்படித்தான் இருந்தது; ஒரு கொம்பு தனியாகக் கழன்று அடுத்த வரியில் நின்றது.

என் வழி: லிப்ரே ஆபீசில் பக்கத்தை ஏ5 ஆக வைத்து, நோட்டோ தமிழ் எழுத்துருவில் முடித்து, பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து கொடுப்பது. எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் எங்கும் உடையாது. "பிடிஎஃப்பை அப்படியே டிஜிட்டல் பிரிண்ட் போடுங்கண்ணா, திரும்ப டைப் பண்ண வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அண்ணன் பேஜ்மேக்கர்தான் என்று அடம்பிடித்தால், ஆங்கிலச் சொற்களையெல்லாம் முன்னதாகவே தமிழில் எழுதிவிட்டு, யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் என்.எச்.எம். கன்வெர்டர் மென்பொருளில் நீங்களே மாற்றிக் கொடுங்கள். புரூஃபை வாட்ஸப்பில் பார்க்காமல் தாளில் வாங்கிப் படியுங்கள். வீட்டில் வயசானவர் ஒருத்தர் படிக்கட்டும். பெயரில் இனிஷியல் தப்பானால் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 14 பக்கம் வந்தால் இன்னும் ரெண்டு பக்கத்துக்குப் படம் சேருங்கள். அட்டைக்கு லேமினேசன் வேண்டாம் என்பேன், பளபளப்பில் படம் தெரிவதில்லை.

பின்சேர்க்கை: கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர், "எங்கப்பா ஒரு நோட்டும் வெக்கலீங்களே" என்று எழுதியிருந்தார். வாங்கினவர்கள் வீட்டில் பில் இருக்கும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் வரிசை எண்ணும் இருக்கும். கூட வேலை பார்த்த மெக்கானிக்கைப் பிடியுங்கள், எந்தத் தோட்டத்தில் எந்த மோட்டார் என்று சொல்லிவிடுவார்.

இன்னொன்று: வெளியூர் ஒரம்பரை வாட்ஸப்பில் அனுப்பும் படங்கள் அச்சில் மங்குகின்றன என்று பலரும் சொல்கிறார்கள். படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அளவு குறையாது. அத்தைகளுக்கு இதைப் போனில் விளக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.